மணிக்கூண்டுக்குப் பின்பக்கம்: பழைய படக்கார்டுகளை வாசிக்கும் முறை

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய படக்கார்டு ஒன்றைக் கையில் எடுப்பவர் வழக்கமாகக் கேட்பது, ‘இது எந்த வருஷத்துக் கார்டு?’ என்றுதான். கடைக்காரர் கார்டைத் திருப்பி, அஞ்சல் முத்திரையில் தெரியும் வருஷத்தைச் சொல்லிவிடுவார். கேட்டவருக்குத் திருப்தி, சொன்னவருக்கு வியாபாரம். ஆனால் கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. படக்கார்டுக்கு வருஷம் ஒன்றில்லை, நான்கு: படம் பிடித்த வருஷம், அச்சடித்த வருஷம், கடையில் விற்ற வருஷம், தபாலில் சேர்த்த வருஷம். நான்குக்கும் இடையே சில கார்டுகளில் சில மாதம்தான் இருக்கும்; சிலவற்றில் பத்துப் பதினைந்து வருஷம்கூட ஓடியிருக்கும். முத்திரை சொல்வது நான்காவதை மட்டும்.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். கார்டில் இருப்பது ஜார்ஜ் டவுன் ஜூபிலி மணிக்கூண்டு. பின்பக்கத்தில், செய்திக்கும் முகவரிக்கும் இடையே போடும் நடுக்கோடு இல்லை. தபால்தலையில் ஏழாம் எட்வர்டு மன்னர். முத்திரை 1909. மணிக்கூண்டு, விக்டோரியா மகாராணியின் 60 ஆண்டு ஆட்சியைக் கொண்டாட சியா சென் இயோக் என்ற செல்வந்தர் தம் பணத்தில் கட்டியது. ஆண்டுக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். வேலை முடிந்தது 1902இல். மகாராணி அதற்கு முந்தைய வருஷமே காலமாகிவிட்டார். ஆக, முழுக் கோபுரமும் தெரிகிற படம் 1902க்கு முந்தியதாக இருக்க முடியாது. நடுக்கோடு இல்லாததால் அட்டை அநேகமாக 1907க்குள் அச்சானது. தபாலில் போனது 1909. கடையில் இரண்டு மூன்று வருஷம் தூசி படிந்து கிடந்த பழைய சரக்கு இது என்பது வரை கணக்குப் போட்டுவிடலாம். ‘1909ஆம் வருஷத்து பினாங்கு’ என்று இந்தப் படத்தை ஒரு கட்டுரையில் போட்டால், ஏழு வருஷம் வரை பிசகலாம். 1906இல் ஓடத் தொடங்கிய மின்சார டிராமைப் பற்றி எழுதும்போது, டிராம் இல்லாத தெருவைக் காட்டி ‘1909’ என்று போடுகிற விபத்து இப்படித்தான் நடக்கிறது.

நடுக்கோடு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அஞ்சலட்டை முதலில் வந்தது 1869 அக்டோபர் 1 அன்று, ஆஸ்திரிய-ஹங்கேரிய அரசில். படம் ஏதும் கிடையாது. ஒரு பக்கம் முகவரி, மறுபக்கம் செய்தி. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியான நீரிணைக் குடியேற்றங்கள் 1877இல் உலக அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தன; 1879இல் இங்கும் அரசு அட்டை விற்பனைக்கு வந்தது. பிறகு தனியார் அட்டையில் படம் அச்சடிக்கத் தொடங்கியபோது ஒரு சிக்கல் எழுந்தது. விதிப்படி ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே. செய்தி எழுத வேண்டுமானால் படத்தின் பக்கத்தில்தான் எழுத வேண்டும். அதனால்தான் மிகப் பழைய கார்டுகளில் படம் அட்டையை நிரப்புவதில்லை. கீழேயோ பக்கவாட்டிலோ வெள்ளை இடம் விட்டிருப்பார்கள். அதில் இரண்டு வரி நலம் விசாரித்துக் கையெழுத்துப் போட்டால் இடம் தீர்ந்துவிடும். படத்தின் மேலேயே பேனா ஓடியிருக்கும் கார்டைப் பார்த்து ‘பாழாக்கிவிட்டார்கள்’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர்கள் பாழாக்கவில்லை, எழுத வேறு இடமில்லை.

பிரிட்டன் 1902இல் பின்பக்கத்தை இரண்டாகப் பிரிக்க அனுமதித்தது: இடப்பக்கம் செய்தி, வலப்பக்கம் முகவரி. ஜெர்மனி 1905இல், அமெரிக்கா 1907 மார்ச் 1இல். 1906இல் ரோம் நகரில் கூடிய அஞ்சல் மாநாட்டுக்குப் பிறகு இது உலகப் பொது வழக்கமாயிற்று. இடைப்பட்ட வருஷங்களில்தான் குழப்பம். உள்நாட்டுக்குப் பிரித்து எழுதலாம், வெளிநாட்டுக்கு எழுதக் கூடாது என்ற நிலை இருந்தது. சில கார்டுகளின் பின்பக்கத்தில் ‘இந்த இடத்தை உள்நாட்டுத் தபாலுக்கு மட்டும் பயன்படுத்தலாம்’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கும். அந்த ஒரு வரி கிடைத்தால் அச்சுக் காலம் ஐந்து வருஷத்துக்குள் சுருங்கிவிடும். முத்திரையைவிட மதிப்புள்ள வரி அது. கோடில்லாத பழைய சரக்கை 1907க்குப் பிறகு வாங்கியவர் தாமே பேனாவால் குறுக்கே ஒரு கோடு இழுத்து எழுதியிருப்பதும் உண்டு. மையின் நிறம் செய்தியின் மையோடு ஒத்துப்போனால் அது அச்சுக்கோடு இல்லை என்று தெரிந்துவிடும்.

தபால்தலையிலிருந்து கிடைப்பது இன்னொரு எல்லை. நீரிணைக் குடியேற்றங்களில் எட்வர்டு தலைகள் 1902இலிருந்து, ஐந்தாம் ஜார்ஜ் தலைகள் 1912இலிருந்து. கோலாலம்பூர்க் கார்டின் தபால்தலையில் பாயும் புலி இருக்கும். கூட்டரசு மலாய் மாநிலங்களின் அந்தப் புலி 1934 வரை ஓடியதால், புலியை மட்டும் பார்த்துக் காலம் சொல்ல முடியாது. தபால்தலைத் தாளின் நீர்க்குறி (தாளுக்குள் பதிந்த மங்கல் குறி) 1904இலும் 1922இலும் மாறியது உண்மைதான். அதைப் பார்க்கத் தலையைக் கழற்ற வேண்டும். கழற்றினால் கார்டின் பாதி உயிர் போய்விடும். தலையை ஊறவைத்து எடுத்துவிட்டு, வெறும் கறையோடு விற்கப்படும் கார்டுகள் சந்தையில் நிறைய. தபால்தலை சேர்ப்பவர்கள் செய்த வேலை அது. தலை படத்தின் பக்கத்தில் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம். கார்டு பரிமாறிக்கொள்ளும் சங்கத்தார் ஐரோப்பாவில் விரும்பிச் செய்த பழக்கம் அது. முத்திரை படத்தின் மேலேயே விழுவதால், படமும் தேதியும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

படம் பிடித்த காலத்துக்குக் கட்டடங்கள்தான் சாட்சி. பினாங்கு என்றால், சுவெட்டென்ஹம் கப்பல்துறை 1904. மின்சார டிராம் கம்பிகள் 1906க்குப் பிறகு. மலை ரயில் 1923 இறுதியில் ஓடத் தொடங்கி 1924 புத்தாண்டில் முறைப்படி திறப்பு. டிராம் 1936இல் மறைவு. கெக் லோக் சி கோவில் கார்டுகளில்தான் அதிகம் தவறு நடக்கிறது. அந்தக் கோவில் 1890களிலிருந்தே படிப்படியாக எழுந்தது. ஆனால் பத்தாயிரம் புத்தர் கோபுரம் முடிந்தது 1930இல். முழுக் கோபுரம் உள்ள கார்டை ‘1910’ என்று விற்கிறவர் ஒன்று அறியாதவர், இல்லை அறிந்தவர். கோலாலம்பூரில், இன்று சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்கிறோமே, அது 1897; ஜாமெக் பள்ளிவாசல் 1909 கடைசி; இப்போது பழைய ரயில் நிலையம் எனப்படுவது 1910. இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் பள்ளிவாசல் இல்லாத கார்டு கிடைத்தால் அது 1909க்கு முந்திய படம். 1926 டிசம்பர் பெருவெள்ளத்தில் நகரத் தெருக்கள் ஆறாகக் கிடக்கும் படங்கள் கார்டாக வந்தன. அவற்றுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

பத்துமலைக்கு ஒரு தனிக் குறிப்பு. மரப்படிகள் 1920இல் போடப்பட்டன. இன்று நாம் ஏறும் 272 கான்கிரீட் படிகள் 1940 வாக்கில் வந்தவை. படியே இல்லாமல் செங்குத்துப் பாறையும் காடும் தெரியும் கார்டுகள் அதற்கு முந்தியவை. அந்தக் காலக் கார்டுகளில் பத்துமலை கோவிலாக வருவதில்லை, ‘குகை’யாகத்தான் வரும், சுற்றுலாப் பயணி குதிரை வண்டியில் போய்ப் பார்த்துவரும் இயற்கை அதிசயம். 1892 முதல் அங்கே தைப்பூசம் நடந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே இடம்தான். கார்டு போட்டவன் யாருக்காகப் போட்டான் என்பதே வித்தியாசம்.

இனி அச்சு. 10 மடங்கு பெருக்கும் சிறு லென்ஸ் ஒன்று, நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பது, போதும். கார்டின் வானப் பகுதியையும் நிழல் பகுதியையும் பாருங்கள். புழு நெளிந்ததுபோல் ஒழுங்கற்ற நுண்சுருக்கங்கள் தெரிந்தால் அது கொலோடைப். வரிசை பிசகாத புள்ளிகள் என்றால் ஹாஃப்டோன். எந்தப் புள்ளியும் சுருக்கமும் இல்லாமல் சாம்பல் நிறம் வழுவழுவென்று இறங்கினால் அது அசல் புகைப்படத்தாளில் எடுத்த கார்டு.

முதல் உலகப் போருக்கு முந்திய நல்ல கார்டுகளில் பெரும்பகுதி கொலோடைப். தடித்த கண்ணாடித் தகட்டில் ஜெலட்டினும் டைகுரோமேட்டும் பூசி, இளஞ்சூட்டில் காயவைத்து, நெகட்டிவின் கீழ் வெளிச்சம் காட்டுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், படாத இடம் இளகி ஈரம் பிடிக்கும். இறுகிய இடம் மையை வாங்கும், ஈரமான இடம் மையைத் தள்ளும். அந்த ஜெலட்டின் காயும்போது விழும் சுருக்கம்தான் லென்ஸில் புழுவாகத் தெரிவது. தகடு ஆயிரம், இரண்டாயிரம் பிரதிக்கு மேல் தாங்காது. விற்பனை ஓடினால் புதுத் தகடு போட வேண்டும். அதனால் ஒரே படம், ஒரே தலைப்பு, ஆனால் எழுத்துரு வேறு, ஓரம் வெட்டியது வேறு என்று இரண்டு மூன்று வகை கிடைக்கும். ‘என்னிடம் இது ஏற்கெனவே இருக்கிறதே’ என்று தள்ளிவிடுமுன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

இந்த வேலைக்குப் பேர்போனது ஜெர்மனி. பினாங்கில் எடுத்த படம் கப்பலேறி ஜெர்மனி போய், அச்சாகி, மூட்டையாகத் திரும்பி வரும். போகவர கப்பலிலேயே ஏறக்குறைய 2 மாதம். அச்சகத்தில் காத்திருப்பது தனி. படம் பிடித்த காலத்துக்கும் விற்பனைக்கும் இடையே இடைவெளி விழ இதுவே முதல் காரணம். 1914இல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. போருக்குப் பிந்திய கார்டுகளில் ஹாஃப்டோன் கூடுவதும், அச்சு மங்குவதும் கண்ணுக்கே தெரியும்.

அச்சு வகை தெரிந்துகொள்வது அலங்கார அறிவு அல்ல. கொலோடைப்பையும் அசல் புகைப்படத்தையும் ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் கடைப்பலகை எழுத்து படிக்கக் கிடைக்கலாம். ஹாஃப்டோனைப் பெரிதாக்கினால் புள்ளிகள்தான் பெரிதாகும். உங்கள் பாட்டனார் கடை கடைத்தெருவில் எந்த வாசல் என்று தேடுகிறவர்கள், வண்ணம் கொஞ்சும் ஹாஃப்டோன் கார்டுக்குப் பணம் கொடுப்பதைவிட, அழுக்கான கறுப்பு வெள்ளைக் கொலோடைப்புக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

வண்ணத்தைப் பற்றி ஒன்றைக் கறாராகச் சொல்லிவிட வேண்டும்: நம்பாதீர்கள். படம் எடுத்தது கறுப்பு வெள்ளையில். வண்ணம் சேர்த்தது, பினாங்கைக் கண்ணால் பார்த்தே இராத அச்சகத் தொழிலாளி. கல்லச்சில் வண்ணம் ஏற்றினார்கள், அல்லது அச்சுவெட்டு (ஸ்டென்சில்) வைத்துக் கையால் தீட்டினார்கள். சிவப்பு ஓடு பச்சையாகும், நண்பகல் வானம் அந்திவானமாகும். மேகமே இல்லாத நெகட்டிவில் மேகம் வந்து உட்காரும்; தந்திக் கம்பி காணாமல் போகும். தமிழ்ப் பெண்ணின் புடவை ஒரு பதிப்பில் மஞ்சளாகவும் அடுத்த பதிப்பில் நீலமாகவும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ‘அக்காலத் தோட்டப் பெண்கள் நீலம் விரும்பி உடுத்தினர்’ என்று எழுதினால் சிரிப்பதற்கு அந்த அச்சகத் தொழிலாளி உயிரோடு இல்லை, அவ்வளவுதான். நகைகளின் மேல் பொன்நிறப் பொட்டு வைத்திருப்பதையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். லென்ஸில் பார்த்தால் வண்ணம் உருவத்தின் கோட்டைத் தாண்டி வழிந்திருப்பது தெரியும்.

இனி நம் ஆட்கள். பினாங்கு, கோலாலம்பூர்க் கார்டுகளில் தமிழர்கள் ஏராளம்: மாட்டு வண்டி ஓட்டுபவர், செட்டியார், நாவிதர், பால்காரர், பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிப் பால் எடுப்பவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். பெயர் சொல்லி ஒருவரும் இல்லை. ‘கிளிங்’, ‘சிட்டி’ (செட்டி), ‘ஹிந்தூ’, ‘தமிழ்க் கூலி’ என்பவைதான் தலைப்புகள். கலிங்கம் என்ற நாட்டுப் பெயரிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் ‘கிளிங்’ அன்று அரசுத் தாள்களிலேயே சாதாரணமாகப் புழங்கியது, இன்று வசவு. பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் அது நிற்கிறது. அது இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் தென்னிந்தியர் எல்லாரையும் குறித்த சொல். ஆகவே ‘கிளிங் வியாபாரி’ என்ற தலைப்பைப் பார்த்து அவர் மரைக்காயரா, நாடாரா, வேறு யாருமா என்று தலைப்பிலிருந்து முடிவு கட்ட முடியாது. தேடும்போது மட்டும் இந்தப் பழைய சொற்களைப் பயன்படுத்தத்தான் வேண்டும். இணைய ஏலங்களில் விற்பவர்கள் கார்டில் உள்ளதை அப்படியே தட்டச்சு செய்வார்கள். ‘தமிழர்’ என்று மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. உங்கள் பட்டியலில் மூலத் தலைப்பை மேற்கோளில் அப்படியே எழுதிவிட்டு, உங்கள் விவரத்தைத் தனியாக எழுதுங்கள். மூலத்தைத் திருத்தி எழுதினால் பிறகு வருபவருக்கு அந்தக் கார்டை இனம்காண வழியில்லாமல் போகும்.

பதிப்பித்தவர்களின் பெயர் பின்பக்கத்திலோ படத்தின் ஓரத்திலோ சிறிய எழுத்தில் இருக்கும். பினாங்கில் ஜெர்மானியப் புகைப்படக்காரர் ஆகஸ்ட் கவுல்ஃபஸ், பிரிட்சார்டு கம்பெனி, சிங்கப்பூரில் ஜி. ஆர். லாம்பர்ட் கம்பெனி. இவர்களுக்கு நடுவே எஸ். எம். மாணிக்கம், பினாங்கு என்ற பெயரும் வருகிறது. தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் மனம் துள்ளும். ஆனால் மாணிக்கம் போட்ட கார்டு என்பதாலேயே அது தமிழர் தம்மைத் தாமே பார்த்த பார்வை என்று எண்ணிவிடக் கூடாது. வாங்குகிறவர் கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர்; சரக்கு அவருக்காக. சாதாரணத் தமிழர் ஊருக்கு எழுதியது படமில்லாத அரசு அட்டையில். செட்டியார்கள் தங்கள் தொழிலிடமான கிட்டங்கியிலிருந்து அனுப்பியவை உறைகள். தமிழில் முகவரியும் பின்னால் வரிசையாகத் தபால்தலையும் உள்ள அந்தச் செட்டியார் உறைகளுக்குத் தபால்தலை உலகில் தனி மவுசு உண்டு. படக்கார்டில் தமிழில் எழுதிய செய்தி கண்ணில் பட்டால் விடாதீர்கள். அரிது.

படத்தில் இருப்பவர் வேலை செய்கிறாரா, நிற்கவைக்கப்பட்டாரா என்று பார்க்க நிழல் உதவும். பால்மரம் வெட்டுவது விடிகாலை வேலை. குளிர்ச்சியில் மரத்தின் உள்ளழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். ஆனால் கார்டில் மர நிழல் கட்டையாக, கறுப்பாக விழுந்திருக்கும். வெயில் உச்சிக்கு வந்துவிட்ட நேரம். அன்றைய கண்ணாடித் தகட்டுக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. வெட்டு முடித்துப் பால் எடுத்துப்போன பிறகு, குடும்பத்தோடு திரும்ப வரச்சொல்லி, கத்தியைப் பட்டையில் வைத்து அசையாமல் நிற்கச் சொன்ன படம் அது. ஆள் நிற்பது நாடகம். மரத்தில் இருக்கும் வெட்டு நிஜம். மீன்முள்போல் இருபுறமும் சாய்ந்த வெட்டுகள் தெரிந்தால் அது தொடக்க காலத் தோட்டம். பிறகு அந்த முறை போய் ஒற்றைச் சரிவு வெட்டு வந்தது. பொதுவாகவே இந்தக் கார்டுகளில் முன்னணியைவிடப் பின்னணி உண்மை பேசும்: தோட்டக் குடியிருப்பான லயத்தின் கூரை, வாளியின் வடிவம், ஓரத்தில் தற்செயலாக எட்டிப் பார்க்கும் பையன்.

ஸ்டூடியோவில் எடுத்த ‘தமிழ்ப் பெண்’ படங்களில் ஊரையும் சந்தேகிக்க வேண்டும். ஒரே நெகட்டிவ் சிங்கப்பூர்த் தலைப்போடும் பினாங்குத் தலைப்போடும் விற்றிருக்கிறது. பின்திரை ஓவியம், தரைவிரிப்பின் கோலம், கை ஊன்றியிருக்கும் கம்பத்தின் கடைசல் ஆகியவற்றை ஒப்பிட்டால் எந்த ஸ்டூடியோ என்று பிடிக்கலாம். வெள்ளைக்காரப் பதிப்பாளருக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். காது வடிந்து தோளைத் தொடும் பாம்படம் இருந்தால் திருநெல்வேலி, இராமநாதபுரப் பக்கம். பின்கொசுவமா, கண்டாங்கிக் கட்டா, தாலி எந்த வகை என்பதையும் பெரியவர்களிடம் காட்டிக் கேட்டால் அவர்கள் தலைப்பைவிட நன்றாகச் சொல்வார்கள். முந்தானை வலத்தோளில் கிடந்தால் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். நம் பக்கத்தில் அது வழக்கமாக இடத்தோள். நெகட்டிவைப் புரட்டி அச்சடித்திருக்கலாம். கடைப்பலகையில் தமிழ் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தால் சந்தேகமே இல்லை. தெருப்படம் ஒன்று புரண்டிருந்தால், இடப்பக்கக் கட்டடமெல்லாம் வலப்பக்கம் வந்துவிடும். அதை நம்பி வீடு தேடப் போனவர் எதிர்வரிசையில் நிற்பார்.

போலிகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுன் நினைவுப்பொருள் கடைகளில் மறுபதிப்புகள் நேர்மையாகவே விற்கின்றன. அவை பத்து வருஷம் கழித்து, ஓரம் அழுக்காகி, வேறு கடையில் ‘அசல்’ ஆகும்போதுதான் தொல்லை. லென்ஸில் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூவிதழ்போல் வட்டம் கட்டியிருந்தால் இக்கால ஆஃப்செட். சிறிய புறஊதா டார்ச் அடித்தால், ஏறத்தாழ 1950க்குப் பிந்திய தாளில் சேர்க்கும் வெண்மையூட்டி நீலவெள்ளையாக ஒளிரும். பழைய அட்டை மங்கலாகக் கிடக்கும். அளவையும் பாருங்கள்: பழைய கார்டு சுமார் 140 மி.மீ.க்கு 89 மி.மீ. இன்றைய நினைவுப்பொருள் கார்டுகள் பெரும்பாலும் இதைவிடப் பெரியவை. அசல் புகைப்படக் கார்டில் கரிய பகுதிகளின் ஓரம், சாய்த்துப் பார்க்கும்போது கண்ணாடிபோல் வெள்ளிப் பளபளப்புக் காட்டும். வெள்ளி காலப்போக்கில் மேலே வந்து நிற்பது அது. குறையாக நினைத்துத் துடைக்க வேண்டாம். இன்க்ஜெட்டால் கொண்டுவர முடியாத அத்தாட்சி அது.

வாங்கிய கார்டைக் கெடுப்பது பெரும்பாலும் நம் ஊர்க் காற்றுதான். இங்கே ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது அன்றாடம். 65 முதல் 70 சதவீதம் தாண்டினாலே பூஞ்சணம் பிடிக்கும். பழுப்புப் புள்ளிகள் அட்டையின் உள்ளேயே விழும், பிறகு போகாது. கேமரா வைக்கும் ஈரமகற்றிப் பெட்டி இருந்தால் 45 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். அதற்காக 30க்கு இறக்கினால் புகைப்படக் கார்டின் ஜெலட்டின் சுருங்கி, அட்டை வில்லாக வளையும், சில நேரம் வெடிக்கும். பெட்டி வாங்க முடியாவிட்டால் இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல்லும் சிறிய ஈரமானியும். நிறம் மாறும் ஜெல்லில் நீல வகை கோபால்ட் கலந்தது, ஆரஞ்சு வகை வாங்குங்கள். நிறம் மாறியதும் 120 டிகிரி செல்சியஸ் அடுப்பில் 2 மணி நேரம் வறுத்தால் மறுபடி ஆகும்.

உறைக்குப் பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலியஸ்டர். பிவிசி ஆல்பம் கூடவே கூடாது. வெயில் காலத்தில் பிசுபிசுத்து, மையை உரித்துக்கொண்டு வரும். ஒட்டும் பக்கமுள்ள பழைய போட்டோ ஆல்பம் அதைவிட மோசம். கண்ணாடிச் சட்டத்தில் நேரே வைத்த புகைப்படக் கார்டு ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிவிடும்; இடையில் அட்டைச் சட்டம் வையுங்கள். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாக வைப்பது இன்னொரு பழக்கம். பேண்டு உருகி ஒட்டுவது ஒரு பக்கம். ரப்பரில் உள்ள கந்தகம் புகைப்படத்தின் வெள்ளியைத் தின்று மஞ்சளாக்குவது மறுபக்கம். பால்மரத்துப் படத்தை ரப்பரே அழிப்பதை வேறு எங்கே பார்ப்போம்?

வெள்ளிப்பூச்சி வந்துவிட்டால் மருந்து தெளிக்காதீர்கள். கார்டுகளை இரண்டு பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி மூடி, வீட்டு உறைபெட்டியில் சுமார் மைனஸ் 18 டிகிரியில் 2 வாரம் வையுங்கள். எடுத்த பிறகு பையைத் திறக்காமல் முழு ஒரு நாள் வெளியே விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றின் ஈரம் கார்டின் மேல் நீர்த்துளியாகப் படியும், பூச்சிக்குப் பதில் பூஞ்சணம் வரும். உறையவைப்பது பூச்சியைத்தான் கொல்லும். பூஞ்சணம் பிடித்த கார்டைத் தனியே ஒதுக்கி உலரவிட்டு, முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் தட்டுங்கள். தண்ணீர், எலுமிச்சை, பிளீச் எதுவும் வேண்டாம். கையால் தீட்டிய வண்ணம் ஒரு சொட்டு நீரில் கரைந்துவிடும்.

கடைசியாக ஸ்கேன். இரண்டு பக்கமும் எடுங்கள். படப் பக்கம் மட்டும் எடுத்தால் நான்கு வருஷங்களில் மூன்றைத் தொலைத்தாயிற்று. 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதுமான அளவு: முழுக் கார்டு ஏறக்குறைய 3300க்கு 2100 படப்புள்ளிகள், சுருக்காத டிஃப் கோப்பாக 21 மெகாபைட் வாக்கில் வரும். புகைப்படக் கார்டிலும் கூர்மையான கொலோடைப்பிலும் கடைப்பலகை இருக்கும் இடத்தை மட்டும் 1200இல் இன்னொரு முறை எடுத்து வையுங்கள். ஓரத்தை வெட்டாதீர்கள், பதிப்பாளர் பெயரும் வரிசை எண்ணும் பெரும்பாலும் அங்கேதான். கோப்புப் பெயரில் ஒரே வருஷத்தைப் போடாமல், ‘படம் 1902க்குப் பின், அச்சு 1907க்கு முன், தபால் 1909’ என்று மூன்றையும் தனித்தனியே எழுதுங்கள். கார்டின் மேல் பென்சிலால்கூட எழுத வேண்டாம், உறையின் மேல் எழுதினால் போதும்.